95 மார்க் ஷிராஸும் 89 மார்க் செமிலானும்: ஆஸ்திரேலிய ஒயினுக்கு எப்படி மார்க் போடுவது?

பிப்ரவரி 24 (வாசகர் கேள்வி)

மெல்போர்னுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. கடையில் 95, 96 என்று ஸ்டிக்கர் ஒட்டிய பரோஸா ஷிராஸ் (பரோஸா என்ற ஊரின் சிவப்பு ஒயின்) சில வாங்கிப் பார்த்தேன். எல்லாமே கனம், பழக்கூழ் மாதிரி ஒரு தித்திப்பு, தொண்டையில் சூடு. போன வாரம் நண்பர் வீட்டில் 89 மார்க் வாங்கிய ஒரு வெள்ளை ஒயின் குடித்தேன். அதுதான் பிடித்தது. ஆஸ்திரேலிய ஒயின் என்றாலே இந்த ஷிராஸ்தானா? மார்க் போடுகிறவர்களை நம்பலாமா?

பிப்ரவரி 24, இரவு

நம்பலாம், எந்த வரிசையில் வைத்துப் போட்ட மார்க் என்று தெரிந்தால். கனமான சிவப்புக்குப் போட்ட 95-ஐயும் மெல்லிய வெள்ளைக்குப் போட்ட 89-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. தவிலையும் வீணையையும் ஒரே மேடையில் வாசிக்கவிட்டு, எது நன்றாகக் கேட்டது என்று பரிசு கொடுக்கிற கதை அது.

அந்த வெள்ளை என்ன ஒயின்? லேபிள் படம் இருந்தால் போடுங்கள்.

பிப்ரவரி 25

படம் பார்த்தேன். ஹன்டர் பள்ளத்தாக்கில் செமிலான் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்தது, வயது இரண்டு, ஆல்கஹால் 10.5 சதவீதம். இது தற்செயலாகக் கிடைத்த நல்ல தொடக்கம். உலகத்தில் வேறு எந்த ஊரிலும் செமிலானை இப்படிச் செய்வதில்லை.

ஹன்டர், சிட்னிக்கு வடக்கே இரண்டரை மணி நேரக் கார்ப் பயணம். வெயில் காய்கிற ஊர்தான். ஆனால் அறுவடை நேரத்தில் மழை வந்து கெடுக்கும். அதனால் திராட்சை முழுக்கப் பழுக்கும் முன்பே, சர்க்கரை குறைவாகவும் புளிப்பு கூர்மையாகவும் இருக்கும்போதே பறித்துவிடுகிறார்கள். ஓக் மரப் பீப்பாயில் வைப்பதில்லை. முதல் இரண்டு மூன்று வருடம் குடித்தால் எலுமிச்சைத் தோலும் தண்ணீரும்தான். 'இதற்கா இவ்வளவு பேச்சு' என்று தோன்றும். பத்து வருடம் பாட்டிலிலேயே கிடந்தால் நிறம் தங்கமாகும். வறுத்த ரொட்டி, தேன், தேன்மெழுகு என்று மணம் திறக்கும். பீப்பாயே காணாத ஒயினில் அந்த வறுத்த வாசம் எங்கிருந்து வந்தது என்று முதல் தடவை குடிக்கிற எல்லோரும் கேட்பார்கள். டிரெல்ஸ் நிறுவனத்தின் வாட் 1 இந்த வகைக்கு அளவுகோல். 1963-லிருந்து வருகிறது. அந்தக் காலத்தில் ஹன்டர் செமிலானை ரீஸ்லிங் என்ற இன்னொரு வெள்ளைத் திராட்சையின் பெயர் போட்டே விற்றார்கள்.

ஒரே தோட்டத்தின் இளையதையும் பத்து வயது தாண்டியதையும் அடுத்தடுத்த கிளாஸில் ஊற்றிப் பார்த்திருக்கிறேன். இளையதில் பச்சை ஓடிய வெளிர் நிறம், மூக்கில் அநேகமாக ஒன்றுமில்லை, நாக்கின் இரண்டு ஓரத்திலும் புளிப்பு கோடு போட்டது மாதிரி இறங்கியது. மூத்ததை மூக்குக்குக் கொண்டு போகும் முன்பே மணம் வந்துவிட்டது. வாயில் வைத்தால் அந்தக் கோடு அப்படியே இருந்தது, அதன்மேல் சதை ஏறியிருந்தது. இளையதுக்கு இன்று 89 போடுகிறவர், அது பின்னால் ஆகப்போவதை எட்டிப் பார்த்துத்தான் போட வேண்டும். எல்லோரும் அப்படி எட்டிப் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 27

'வரிசை என்றால் என்ன' என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஆஸ்திரேலியாவில் ஒயின் போட்டிகள் நெடுங்காலமாக விவசாயக் கண்காட்சிகளோடு சேர்ந்து நடந்து வந்தவை. பழைய முறை 20 மார்க்: நிறத்துக்கும் தெளிவுக்கும் 3, மணத்துக்கு 7, வாயில் தெரியும் ருசிக்கு 10. 15.5 வந்தால் வெண்கலம், 17 வெள்ளி, 18.5 தங்கம். இப்போது பல போட்டிகளில் 100-க்கு மாற்றிவிட்டார்கள். 85, 90, 95 என்று வெட்டு.

முக்கியமான விஷயம் வகுப்புகள். செமிலான் செமிலானோடு போட்டி போடும், அதிலும் இளையது தனி, மூத்தது தனி. அந்த வகுப்புக்குள் வாங்கிய தங்கத்துக்கு அர்த்தம் உண்டு. ஸ்டிக்கராகப் பாட்டில் கழுத்தில் ஏறும்போது வகுப்பு உதிர்ந்துவிடும், எண் மட்டும் மிஞ்சும். கடைக்காரரும் 94-க்குக் கீழே வாங்கியதை ஒட்டி வைப்பதில்லை. அதனால் கடையில் எல்லா பாட்டிலும் முதல் வகுப்பில் பாஸான மாதிரி நிற்கும்.

மார்ச் 1

சின்னக் குறிப்பு, ஆனால் மார்க்கை விட உபயோகமானது. அந்த ஷிராஸை எத்தனை டிகிரியில் குடித்தீர்கள்? பிப்ரவரியில் சமையலறை அலமாரியில் நின்ற சிவப்பு ஒயின் 28 டிகிரியில் இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும், பழம் கூழாகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஃபிரிட்ஜில் வைத்து 16, 17-க்கு இறக்கிக் குடித்துப் பாருங்கள். 'அறை வெப்பநிலை' என்பது ஐரோப்பாவின் குளிர்ந்த பழைய வீடுகளை வைத்துச் சொன்னது. அடிலெய்டுக்கும் பொருந்தாது, சென்னைக்குச் சுத்தமாகப் பொருந்தாது.

மார்ச் 2

'அப்படியானால் பரோஸா ஷிராஸ் மோசமா?' இல்லவே இல்லை. நான் அடிலெய்டில் இருப்பவன், பரோஸா எங்கள் பக்கத்து ஊர். அறுவடை இப்போது உச்சத்தில் இருக்கிறது. பரோஸாவின் தனுண்டா ஊர்ப் பக்கம் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனால் தெரு முழுக்க நொதிக்கிற வாசம்.

1840-களில் சைலீசியாவிலிருந்து வந்த லுத்தரன் குடும்பங்கள் குடியேறிய இடம் அது. திராட்சையின் வேரைத் தின்னும் ஃபிலாக்ஸரா பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. 1877-இல் விக்டோரியாவில் ஜீலாங் பக்கம் வந்து அங்கேயும் அழித்தது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இன்றுவரை நுழையவில்லை. அதனால்தான் 1840-களில் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. லாங்மைல் தோட்டத்தில் 1843-இல் நட்டதாகச் சொல்லும் கொடிகளைப் பார்த்திருக்கிறேன். என் இடுப்புயரம், தண்டு முறுக்கிப் பிளந்து கிடக்கிறது, கொடிக்குச் சில குலைகள்தான். வேலிக்கு உள்ளே கால் வைக்க விடமாட்டார்கள், செருப்பில் ஒட்டிய மண்ணில் அந்தப் பூச்சி வந்துவிடக் கூடாதே என்று. பரோஸாக்காரர்கள் 2009-இல் கொடிகளின் வயதுக்கே ஒரு சாசனம் எழுதினார்கள்: 35 வயது தாண்டினால் ஒரு பெயர், 70-க்கு ஒன்று, 100-க்கு ஒன்று, 125-க்கு ஒன்று. லேபிளில் 'ஓல்டு வைன்' என்று கண்டால் அது எந்த வயது என்று கேளுங்கள். சாசனத்துக்கு வெளியே அந்த வார்த்தைக்குச் சட்ட எல்லை கிடையாது.

நீங்கள் சொன்ன தித்திப்புக்குக் காரணம் பெரும்பாலும் சர்க்கரை இல்லை. மிகப் பழுத்த பழம், அதனால் ஏறிய ஆல்கஹால், அமெரிக்க ஓக் பீப்பாய் கொடுக்கும் வெனிலா, தேங்காய் வாசம், இந்த மூன்றும் சேர்ந்தால் மூளை அதை இனிப்பென்று எடுத்துக்கொள்கிறது. நல்ல பரோஸாவா, சும்மா கனமானதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். விழுங்கியதும் எது அதிக நேரம் தங்குகிறது? பழமா, சூடா? பழம் தங்கினால் கனத்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

மார்ச் 2, பிறகு

கிரேஞ்ச் என்ற பேர்போன ஷிராஸைச் சொல்லாமல் விட்டேன். பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தில் மேக்ஸ் ஷூபர்ட் 1951-இல் சோதனையாகத் தொடங்கினார், பிரான்சின் போர்டோ போய்ப் பார்த்து வந்த பிறகு. முதல் சில வருட ஒயின்களை நிர்வாகம் விருந்தினர்களுக்குக் காட்டியபோது யாருக்கும் பிடிக்கவில்லை. 1957-இல் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அவர் மறைத்து மறைத்துச் செய்துகொண்டே இருந்தார். 1960-இல் நிர்வாகமே திரும்ப அனுமதித்தது. இடையில் நடந்தது ஒன்றுதான்: பாட்டிலுக்குள் வயது ஏறியது. பின்னால் அதே 1955 ஒயின் போட்டிகளில் தங்கம் தங்கமாக வாரியது. குப்பை என்று தள்ளியவர்கள் ருசி தெரியாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அன்று குடித்ததற்குத்தான் அன்று மார்க் போட்டார்கள்.

மார்ச் 6

ஷிராஸ் என்றால் பரோஸா மட்டுமில்லை என்று சொல்ல மிளகுக் கதை. விக்டோரியாவின் கிராம்பியன்ஸ், கான்பெரா சுற்றுவட்டாரம் மாதிரிக் குளிர்ந்த இடங்களின் ஷிராஸில் மிளகு வாசம் வரும். 'வருகிற மாதிரி' இல்லை, வரும். ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தார் 2008-இல் வெளியிட்டார்கள்: ஷிராஸில் இருப்பது ரோட்டண்டோன் என்ற பொருள், நம் வீட்டு மிளகிலும் அந்த வாசத்துக்கு அதே பொருள்தான் காரணம். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். அவ்வளவு வலுவானது.

ஆனால் சோதனைக்கு வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அது எவ்வளவு சேர்த்தாலும் தெரியவில்லை. இதை மார்க்கோடு சேர்த்து யோசியுங்கள். ஒரு நடுவருக்கு ரசம் தாளித்த வீடு மாதிரி மணக்கிற கிளாஸ், பக்கத்து நடுவருக்கு வெறும் சிவப்புப் பழமாக இருக்கலாம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் 95 போடுவார், இன்னொருவர் 88 போடுவார்.

மார்ச் 7

பெர்த்திலிருந்து ஒருவர்: மனைவிக்கு மிளகு தெரிகிறது, தனக்குத் தெரியவில்லை, இத்தனை வருடம் மனைவி கற்பனை செய்கிறார் என்று நினைத்திருந்தாராம். இரவே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள் அண்ணா!

மார்ச் 12

நடுவர்கள் பற்றி நிறையக் கேள்விகள். நான் நடுவர் இல்லை. ஒரு ஊரக ஒயின் போட்டியில் கிளாஸ் நிரப்பி அடுக்கும் வேலைக்குத் தன்னார்வமாகப் போயிருக்கிறேன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

காலை எட்டரைக்குத் தொடங்கும். வெள்ளைத் துணி விரித்த நீள மேஜைகள், ஒவ்வொரு கிளாஸின் அடியிலும் எண். ஒரு குழுவுக்கு மூன்று நடுவர்கள், கூடவே கற்றுக்கொள்ள வரும் இளையவர் ஒருவர். பெயர் எதுவும் தெரியாது; ஆண்டு, வகை மட்டும் தெரியும். பேச்சு இல்லை. மூச்சு உள்ளே இழுக்கும் சத்தம், துப்பும் சத்தம், பென்சில் சத்தம். ஒரு வகுப்பு முடிந்ததும் மூவரும் உட்கார்ந்து மார்க்கைப் படிப்பார்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அந்தக் கிளாஸை மறுபடி ஊற்றச் சொல்வார்கள். அந்த மறு ஊற்றலில்தான் அமைதியான ஒயின்கள் பிழைக்கும். முதல் சுற்றில் யாரோ ஒருவர் மட்டும் உயர்த்திப் போட்டதை மற்ற இருவரும் திரும்பக் குடித்துவிட்டு, 'ஆமாம், இருக்கிறது' என்பார்கள். மதியம் ஷிராஸ் வகுப்பு முடிந்து வருகிறவர்களின் பல்லெல்லாம் கறுத்திருக்கும். மூன்றாவது டஜனில் நாக்கு துவர்த்துப் போய், மென்மையானது கண்ணில் படாது. யாருடைய நாக்கானாலும் இதுதான்.

கலிஃபோர்னியாவில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஓய்வு பெற்ற பேராசிரியர், அவரே ஒயின் செய்கிறவர், இதை அளந்து பார்த்தார். மாநிலக் கண்காட்சிப் போட்டியில் ஒரே பாட்டில் ஒயினை நடுவருக்குத் தெரியாமல் மூன்று தடவை வைத்தார். பத்தில் ஒரு நடுவர்தான் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே மார்க் கொடுத்தார். 2008-இல் வெளியானது. இதைக் காட்டி 'எல்லாம் பித்தலாட்டம்' என்று எழுதுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். பழுதான ஒயின் எது, அருமையானது எது என்பதில் நல்ல நடுவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். 92-க்கும் 94-க்கும் நடுவே சண்டை போடுவதுதான் வீண்.

மார்ச் 15

என் சொந்த முறை கேட்டவருக்கு. எண் போடுவதை விட்டுவிட்டேன். ஒரு நோட்டில் வகை, ஊர், ஆண்டு எழுதி, அந்த வகைக்கு எதிர்பார்த்தது வந்ததா என்று ஒரு வரி. மறுநாள் அதே பாட்டிலைக் குடித்து இன்னொரு வரி. மூன்றாவது நாள் மிச்சம் இருந்தால் இன்னொன்று. முதல் நாள் வரியையும் மூன்றாம் நாள் வரியையும் சேர்த்துப் படித்தால், இரண்டு வேறு ஒயினைப் பற்றி எழுதின மாதிரி இருக்கும்.

கனமான ஷிராஸ் பல, முதல் நாள் சபையை அள்ளிவிட்டு மறுநாள் தொய்ந்துவிடுகின்றன. இளம் கேபர்னே (இன்னொரு சிவப்பு வகை) முதல் நாள் முகம் கொடுக்காது. மூன்றாம் நாள் வந்து உட்காரும். ரீஸ்லிங் ஒரு வாரம் ஃபிரிட்ஜில் அசையாமல் நிற்கும். போட்டியில் ஒரு ஒயினுக்குக் கிடைப்பது ஒரு நிமிஷம், வீட்டில் ஒரு பாட்டிலுக்குக் கிடைப்பது குறைந்தது ஒரு சாயங்காலம்.

மார்ச் 23

ரீஸ்லிங் என்றதும் நாலு பேர் ஒரே கேள்வி: பெட்ரோல் வாசம் வருகிறது, கெட்டுவிட்டதா?

கெடவில்லை. வெயில் பட்ட திராட்சைத் தோலில் சேரும் கரோட்டினாய்டுகள் என்ற நிறப்பொருள்கள் சிதைந்து, வயது ஏற ஏற அந்த வாசத்தைக் கொடுக்கின்றன. கிளேர் பள்ளத்தாக்கிலும் ஈடன் பள்ளத்தாக்கிலும் சாதாரணம். இளமையில் எலுமிச்சைச் சாறும் பூவும், ஐந்தாறு வருடத்தில் வறுத்த ரொட்டி, அதோடு கொஞ்சம் மண்ணெண்ணெய். கொஞ்சம் இருந்தால் எனக்குப் பிடிக்கும். பழத்தை மூடிவிடும் அளவுக்கு வந்தால் பிடிக்காது. கிளேரிலேயே வாட்டர்வேல் ஊரின் ரீஸ்லிங் பழம் தளர்ந்து முன்னால் வரும், போலிஷ் ஹில் பக்கத்தது கல்லாக இறுகி நிற்கும். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான்.

திருகு மூடியைப் பார்த்து மலிவு என்று நினைக்காதீர்கள். 2000-ஆம் ஆண்டு அறுவடையில் கிளேரின் ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் பலர் சேர்ந்து முடிவெடுத்துத் திருகு மூடிக்கு மாறினார்கள். காரணம் கார்க் கறை. கார்க்கில் உண்டாகும் டி.சி.ஏ. என்ற பொருள் ஒயினில் ஏறினால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வரும். ரீஸ்லிங்கில் ஒளிந்துகொள்ள ஓக் இல்லை, அதனால் துளி கறையும் தெரியும்.

கடுமையான கார்க் கறையை யாரும் கண்டுபிடிப்பார்கள். லேசானதுதான் ஆபத்து. அட்டை வாசமே வராது, பழம் மட்டும் காணாமல் போகும். 'சுமாரான ஒயின்' என்று குறைந்த மார்க் போட்டுவிட்டுப் போய்விடுவோம். ஒரு விருந்தில் பிரமாதமான பெயருள்ள பாட்டில் ஒன்று இப்படி ஊமையாக இருந்தது. விருந்து கொடுத்தவர் இரண்டாவது பாட்டிலைத் திறந்ததும் மேஜையே நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஏப்ரல் 4

சார்டனே என்ற வெள்ளை ஒயினில் தீக்குச்சி வாசம் வருகிறதே என்ற கேள்விக்கு. இது ஒயின் செய்கிறவர்கள் வேண்டுமென்றே விடுவது, கந்தகச் சேர்மங்கள். யாரா பள்ளத்தாக்கு, அடிலெய்டு குன்றுகள் பக்கம் நல்ல சார்டனே பலவற்றில் இருக்கும். கிளாஸைச் சுழற்றினால் பத்து நிமிஷத்தில் அடங்கி உள்ளே இருக்கும் பழம் வெளியே வரும். அழுகிய முட்டை வாசம் வந்து போகாமலே நின்றால் அது பழுது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஏப்ரல் 5

'சார்டனே என்றால் வெண்ணெய்தானே' என்பவருக்கு: 1980-களிலும் 90-களிலும் அப்படித்தான், மஞ்சளாக, ஓக்கும் வெண்ணெயுமாக. அது சலித்துப் போய்த்தான் இப்போது முன்னதாகப் பறித்து, பீப்பாயைக் குறைத்துச் செய்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவரில் இன்னும் கொஞ்சம் சதைப்பிடிப்போடு கிடைக்கும். பழைய பாணி பிடித்திருந்தால் அங்கே தேடுங்கள், லூவின் எஸ்டேட்டின் ஆர்ட் சீரிஸ் அந்த ஊரின் பெருமை.

ஏப்ரல் 19

நேற்று எங்கள் வீட்டில் கேபர்னே சோவினியோன் மட்டும். பாட்டில்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி எண் போட்டு வைத்தோம். கூனவாராவும் மார்கரெட் ரிவரும், எல்லாம் ஐந்து வயதை ஒட்டியவை.

இந்த இரண்டு ஊர்களும் நாட்டின் எதிரெதிர்ப் பக்கம். கூனவாரா தெற்கு ஆஸ்திரேலியாவின் கோடியில், சுண்ணாம்புப் பாறை மேல் சிவப்பு மண் படிந்த ஒரு பட்டை. நீளம் சுமார் 15 கிலோமீட்டர், அகலம் 2 கிலோமீட்டர். அந்தப் பட்டைக்குள் தோட்டம் வருமா வராதா என்று வழக்கே நடந்திருக்கிறது. மார்கரெட் ரிவர், பெர்த்துக்குத் தெற்கே மூன்று மணி நேரம். அங்கே திராட்சை வரும் என்று ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் அறிஞர் 1960-களில் தட்பவெப்பக் கணக்கு போட்டு எழுதினார். அதைப் படித்துவிட்டு டாம் கலிட்டி என்ற மருத்துவர் 1967-இல் வாஸ் ஃபீலிக்ஸ் தோட்டத்தை நட்டார். இன்னும் சில மருத்துவர்கள் பின்னாலேயே வந்தார்கள்.

கிளாஸில் வித்தியாசம் இப்படி இருந்தது. கூனவாராவில் நாவல் பழம், புதினா, நேராக நிற்கும் துவர்ப்பு. மார்கரெட் ரிவரில் பிரிஞ்சி இலை, கொஞ்சம் உப்புக்காற்று, துவர்ப்பு பொடிப்பொடியாக நாக்கு முழுக்கப் பரவியது. நாலாவது கிளாஸுக்குள் ஊரைச் சரியாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், ஒயினே அதிகம் குடிக்காத என் மைத்துனர் உட்பட. ஆனால் மார்க் கேட்டபோது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஊரைக் கண்டுபிடிப்பதில் ஒத்த நாக்குகள் தரத்தில் பிரிந்தன. இதை நான் இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போதைக்கு என் முடிவு: ஊரும் வகையும் ஒயினில் இருக்கிறது, மார்க்கில் பாதி குடிப்பவரிடம் இருக்கிறது.

ஏப்ரல் 20

நேற்று எழுதியதை யாரோ 'அப்படியானால் தரமே இல்லையா' என்று திருப்பியிருக்கிறார்கள். இருக்கிறது. முந்தாநாள் கடைசி இடத்துக்கு எல்லோரும் ஒரே பாட்டிலைத்தான் காட்டினார்கள், பேசி வைக்காமல்.

மே 3

அட்டைப்பெட்டிக்குள் பையில் வரும் ஒயினைக் கேலி செய்து இரண்டு பதிவு. அந்தப் பெட்டியே தெற்கு ஆஸ்திரேலியாவின் கண்டுபிடிப்பு. தாமஸ் ஆங்கோவ் 1965-இல் காப்புரிமை வாங்கினார். பை சுருங்கிக்கொண்டே வருவதால் காற்று உள்ளே போகாது, வாரக் கணக்கில் தாங்கும். உள்ளே இருப்பது எளிய ஒயின்தான். அதை கிரேஞ்சோடு ஒப்பிட்டு 70 போடுவதில் யாருக்கும் லாபமில்லை. பெட்டிகளுக்குள் எது சுத்தமாக, பழத்தோடு இருக்கிறது என்று பாருங்கள்.

லேபிள் விதிகளும் தெரிந்திருக்கட்டும். வகை, ஊர், ஆண்டு எது போட்டிருந்தாலும் பாட்டிலில் 85 சதவீதம் அதுவாக இருந்தால் போதும். ஆல்கஹால் எண்ணிலும் 1.5 சதவீதம் முன்பின் விடுகிறார்கள். 14.5 என்று எழுதியிருப்பது 15.5 ஆகவும் இருக்கலாம். தொண்டைச் சூட்டுக்கு அதுவும் ஒரு காரணம்.

மே 11

வாரக் கடைசியில் மக்லாரன் வேல் என்ற ஒயின் ஊருக்கு நான்கு தோட்டம் பார்க்கப் போகிறவர் கேட்டது. ஓட்டுகிறவர் துப்பியே ஆக வேண்டும், வெட்கமே வேண்டாம், வாளி அதற்குத்தான் இருக்கிறது. இங்கே ரத்த ஆல்கஹால் எல்லை 0.05. பாட்டிலின் பின்னால் 'ஸ்டாண்டர்டு டிரிங்க்' எண்ணிக்கை இருக்கும், ஒன்றுக்கு 10 கிராம் ஆல்கஹால். 14.5 சதவீத ஷிராஸ் பாட்டிலில் ஏறக்குறைய 8.6, நீங்கள் குடித்த செமிலானில் 6.2. கிளாஸ்களை எண்ணும்போது இதை மறந்துவிடுவோம்.

வரிசையும் முக்கியம். நுரைப்பது, ரீஸ்லிங், செமிலான், சார்டனே, பினோ (மெல்லிய சிவப்பு), கேபர்னே, ஷிராஸ், கடைசியில் மதுச்சாரம் சேர்த்த இனிப்பு வகை. தலைகீழாகப் போனால் ரீஸ்லிங் வெறும் புளித்தண்ணீராகத் தெரியும்.

மே 25

சென்னையிலிருந்து கேள்வி: இங்கே ஏன் இவ்வளவு விலை? இறக்குமதி வரி 150 சதவீதம் இருந்தது. இந்திய–ஆஸ்திரேலிய ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்ததும் 5 டாலருக்கு மேல் விலையுள்ள பாட்டிலுக்கு 100 ஆகவும், 15 டாலருக்கு மேல் உள்ளதற்கு 75 ஆகவும் குறைந்தது. பத்து வருடத்தில் 50-க்கும் 25-க்கும் இறங்க வேண்டும். இவை அமெரிக்க டாலரில், இறக்குமதி விலைக்கு. மாநில வரி தனி. அதனால் அங்கே வாங்குகிறவருக்கு என் யோசனை, மார்க் ஸ்டிக்கருக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், கிளேர் ரீஸ்லிங் ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

ஜூன் 15

குளிர் வந்துவிட்டது, சாப்பாட்டுப் பக்கம் போவோம். காரம், ஆல்கஹாலும் துவர்ப்பும் இருந்தால் இரண்டு மடங்கு எரியும். காரக்குழம்போடு 15 சதவீத ஷிராஸ் குடித்துவிட்டு ஒயினைத் திட்டுவது நியாயமில்லை. மீன் குழம்புக்கு ரீஸ்லிங், லேசான இனிப்பு வைத்தது கிடைத்தால் இன்னும் நல்லது. வறுத்த நெத்திலிக்கு இளம் செமிலான்.

மட்டன் சுக்காவுக்கு எங்கள் வீட்டில் நுரைக்கும் ஷிராஸ், நன்றாகக் குளிரவைத்து. ஆமாம், கறுஞ்சிவப்பு ஒயினில் நுரை. விக்டோரியாவின் கிரேட் வெஸ்டர்ன் ஊரில் நூறு வருடத்துக்கும் மேலான பழக்கம். இங்கே கிறிஸ்துமஸ் வான்கோழியோடு வைப்பார்கள். எந்த மார்க் அட்டவணையிலும் இது சரியாக உட்காராது, ஆனால் மேஜையில் முதலில் காலியாகும் பாட்டில் இதுதான்.

ஜூலை 6

இனிப்பு ஒயினுக்கு மார்க் எப்படி என்று கேட்டிருந்தார்கள், ஒத்திப் போட்டுக்கொண்டே வந்தேன். ரூதர்கிளென் மஸ்கட் என்ற இனிப்பு ஒயின் இல்லாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது.

விக்டோரியாவின் வடகிழக்கு மூலை. கொடியிலேயே வற்றி உலர்திராட்சையாகும் வரை விட்டுப் பறிக்கிறார்கள். நொதித்தல் தொடங்கியதும் மதுச்சாரம் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள், சர்க்கரை உள்ளேயே தங்கிவிடும், பெரும்பாலும் லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல். பிறகு தகரக் கொட்டகையில், வெயிலில் காயும் பழைய பீப்பாய்களில் வருடக் கணக்கில். வருடா வருடம் கொஞ்சம் ஆவியாகிப் போகும், மிச்சம் சுண்டும். நான்கு படிகள்: ரூதர்கிளென், கிளாசிக், கிராண்ட், ரேர். கிளாசிக்கின் சராசரி வயது ஆறிலிருந்து பத்து, ரேர் இருபதுக்கு மேல்.

ரேர் ஒன்றை ஊற்றியபோது கவனித்தேன்: நடுவில் காப்பி டிகாக்‌ஷன் நிறம், விளிம்பில் பச்சை. கிளாஸைச் சாய்த்து நிமிர்த்தினால் சுவரில் பழுப்புத் திரை நின்று மெதுவாக இறங்கியது. பேரீச்சை, வெல்லப்பாகு, காப்பி, கடைசியில் ஒரு கசப்பு. அந்தக் கசப்பும் உள்ளே ஓடும் புளிப்பும் இல்லாவிட்டால் வெறும் பாகுதான். ஆகவே இந்த வகையில் இனிப்புக்கு மார்க் கிடையாது. விழுங்கியதும் வாய் சுத்தமாகிறதா என்பதற்குத்தான்.

விலை பயமுறுத்தும். கிளாசிக்கில் தொடங்குங்கள், அரை பாட்டிலாகக் கிடைக்கும். திறந்த பிறகு ஃபிரிட்ஜ் கதவில் வைத்தால் இரண்டு மாதம் நன்றாக நிற்கும், ஒரு தடவைக்கு 40 மில்லி போதும்.